இருநூற்றேழாம் துணித்துண்டு

ஆல்ப்சு மலையின் பனி உருகி ஓடிவரும் ரைன் ஆறு, செருமன் நாட்டுக்குள் புகுமுன் ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்பதுபோல் வளைகின்ற இடத்தில், இரு கரையையும் பற்றிக் கிடக்கிறது பாசல் மாநகர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டின் கார்த்திகைப் பிற்பகலொன்றில், செம்மணற்கல்லால் எழுந்த பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் மூடுபனியில் பாதி மறைந்து நிற்க, பச்சை நிற டிராம் வண்டிகள் மணியடித்தபடி பாலத்தின்மேல் ஊர்ந்து செல்ல, சாயமும் மருந்தும் வடிக்கும் ஆலைகளின் புகைபோக்கிகள் வானத்துச் சாம்பலோடு தம் சாம்பலையும் கலந்துகொண்டிருந்தன. உலகத்துத் துணிகளுக்கெல்லாம் நூறாண்டுக் காலம் நிறம் கொடுத்த அந்நகர், தனக்கென்று சாம்பலை மட்டுமே வைத்துக்கொண்டதோ என்று அப்பொழுதில் காண்பவர் எவரும் ஐயுறுவர்.

பேராலயத்துக்குப் பின்னால், படிக்கட்டு முனகும் பழைய வீடொன்றின் மேல்மாடியில், உருப்பெருக்கிக் கண்ணாடியின்மேல் குனிந்திருந்தான் யோகராஜா. யாழ்ப்பாணத்து நில அளவைப் பணிமனையில் பன்னிரண்டு ஆண்டுகள் எல்லைக்கோடு வரைந்து, போர் வந்து எல்லைகளைக் கலைத்தபின் அடைக்கலம் நாடி இந்நாட்டுக்கு வந்து, மூன்றாண்டாகியும் விண்ணப்பத்துக்கு விடை வராமல் காத்திருப்பவன். அவன் முன்னே கிடந்தது உள்ளங்கையளவு கம்பளித் துணி. ஸ்கொட்லாந்து மலைநாட்டார் உடுத்தும் டார்ட்டன். பச்சை, நீலம், கறுப்பு, இடையிடையே மின்னற்கீற்றாய் ஒரு மஞ்சள் என, நெடுக்கும் குறுக்கும் ஒரே வரிசையில் ஓடி, ஓர் எல்லையைத் தொட்டதும் ஆடியில் கண்டாற்போல் வந்த வழியே திரும்பும் கட்டங்கள். எந்த நிறத்தில் எத்தனை இழை என்ற கணக்குத்தான் அத்துணியின் அடையாளம். ஓரிழை மாறினும் அது வேறு துணி.

மூடிப்போன சாய ஆலையொன்றின் பெட்டிகளிலிருந்து அத்தகைய இருநூற்றுப் பதினான்கு துண்டுகளை மீட்டு, அவற்றின் பிறப்பை ஆராய்ந்து நூல் எழுதிக்கொண்டிருந்தார் எக்லி அம்மையார். அறுபத்தாறு வயது, தனியர், கண்ணில் புரை படர்ந்தவர். குலந்தோறும் தொன்றுதொட்டு வந்தவை என்று சொல்லப்படும் கட்டங்களுள் பலவற்றுக்குக் குலப்பெயரைச் சூட்டியவர்கள் பிற்காலத்து வணிகரே என்பது அவர் கொள்கை. அதை நிறுவ இழைக்கணக்கு வேண்டும். இழையை எண்ண அவருக்குக் கண் இல்லை. ஆகவே செவ்வாயும் வியாழனும் யோகராஜா எண்ணினான், அவர் எழுதினார். செருமன் மொழியில் எண்ணி அவன் தடுமாறியதைக் கண்டு, "உங்கள் மொழியிலேயே எண்ணுங்கள், நான் கற்றுக்கொள்கிறேன்" என்றார். ஒரு மாதத்தில் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று அவன் சொல்லச் சொல்ல அவர் பேனா பிசகாமல் ஓடிற்று. அந்நாட்டு முறைப்படி அவர் அவனை 'ஹேர்' என்றும், அவன் அவரை 'பிராவ்' என்றும் மரியாதையாய் விளிப்பர். நான்கு மணிக்குத் தேநீர். அப்போது அவர் அவனிடம் ஊரைப் பற்றிக் கேட்பார். விடையை முழுவதும் கேட்பார். கிழமையின் மற்ற ஐந்து நாளிலும் அவனிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை.

அறையைப் பகிர்ந்துகொண்ட வரதராசாவோ தொடருந்து நிலையத்து உணவகத்தின் சமையலறையில் உழைப்பவன். இவன் விழிக்கையில் அவன் உறங்குவான். ஞாயிறு காலையில் மட்டும் இருவரும் எதிரெதிரே அமர்வர்.

"என்ன அண்ணை, எக்லி ஆச்சியின்ரை கந்தலெல்லாம் எண்ணி முடிச்சாச்சோ?"

"இன்னும் எட்டுத் துண்டு கிடக்கு."

"என்னை விட்டிருந்தா ரெண்டு கிழமையிலை முடிச்சிருப்பன்."

"அதுதான் உன்னை விடேல்லை."

வரதராசா விழுந்து விழுந்து சிரித்தான். யோகராஜாவுக்கோ எட்டு என்று தன் வாயே சொன்னது மார்பில் ஆணியாய் இறங்கிற்று. எட்டுத் துண்டு என்றால் நான்கு நாள். அதன்பின் அந்தப் படிக்கட்டில் ஏற அவனுக்கு என்ன காரணம் இருக்கும்?

அடுத்த செவ்வாயன்று எடுத்தது இருநூற்றேழாம் துண்டு. பெயர்ச்சீட்டு இல்லாதது. மஞ்சளில் நான்கு இழை இருந்தது. "ஆறு" என்றான் யோகராஜா.

பெருங்குற்றம் செய்யும் எண்ணம் அவனுக்கு இல்லை. அந்தக் கணக்கு, வணிகர் பட்டியல்களிலிருந்து அம்மையார் எடுத்தெழுதிய அட்டைகளுள் எதனோடும் பொருந்தாது. மறுபடி எண்ணச் சொல்வார். ஒரு பிற்பகல் கூடும். அவ்வளவே அவன் விரும்பியது. அம்மையாரோ அட்டைப்பெட்டி முழுவதையும் துழாவி, எழுந்து, சாளரத்தருகே போய் நின்று, கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது எந்தப் பட்டியலிலும் இல்லை, ஹேர் யோகராஜா. வணிகர் கைபடாத பழைய கட்டம் இது. பதினோர் ஆண்டாக நான் தேடியது."

"இன்னொருக்கா எண்ணட்டுமா?"

"எதற்கு? உங்கள் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லையே."

வியாழக்கிழமை அவன் சென்றபோது நூலின் முதல் இயலே மாறியிருந்தது. ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரத்து அறிஞர் ஒருவருக்கு எழுதிய மடல் ஒட்டப்பட்டு மேசைமேல் கிடந்தது. அவன் தேநீரைக் குடிக்காமலே திரும்பினான்.

"ரெண்டு இழைக்கோ இந்த முழி முழிக்கிறியள்?" என்றான் வரதராசா, ஞாயிறன்று செய்தி அறிந்து. "ஆர் அண்ணை பாக்கப்போறான்? பேசாமல் இருங்கோ. உங்கடை அகதி வழக்குக்குக் கடிதம் தாறன் எண்ட மனிசி அவ. பொய்யன் எண்டு அவவே சொன்னா, பேந்து ஆர் உங்களை நம்புவினம்?"

"அங்கை ஸ்கொட்லாந்திலை ஒருத்தன் எண்ணிப் பாப்பான். அப்ப சிரிக்கப்போறது என்னைப் பாத்து இல்லை."

செவ்வாயன்று அவன் மேலங்கியையும் கழற்றாமல் நின்றபடியே சொன்னான்: "பிராவ் எக்லி, இருநூற்றேழில் மஞ்சள் நான்கு."

அம்மையார் நிமிர்ந்தார். "தவறி எண்ணிவிட்டீர்களா?"

ஆம் என்ற ஒரு சொல் போதும்; கதவு திறந்தே இருந்தது. "இல்லை. தெரிந்தே சொன்னேன்."

"ஏன்?"

"வேலை முடிந்துவிடும் என்று."

"சம்பளத்துக்காகவா?"

வானிலைக்கும் விண்ணப்பத்துக்கும் வேண்டிய செருமன் சொற்கள் அவனிடம் இருந்தன, இதற்கு இல்லை. தேடித் தேடி, "செவ்வாய்க்கிழமைக்காக" என்றான்.

அம்மையார் இன்னும் அஞ்சலில் சேர்க்காதிருந்த மடலை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். பூட்டவில்லை, கிழிக்கவும் இல்லை. சினமற்ற குரலில், "மற்றவற்றை நான் இனி எப்படி நம்புவேன்?" என்று மட்டும் கேட்டார்.

இருநூற்றுப் பதினான்கும், நாளுக்கு நான்காக, முதலிலிருந்து எண்ணப்பட்டன. பல்கலைக்கழக மாணவி ஒருத்தி எதிரே அமர்ந்து தனியே எண்ணினாள், இருவரும் தத்தம் தாளில் எழுதினர், தாள்கள் ஒப்பிடப்பட்டன. அம்மையார் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். தேநீர் வந்தது, தட்டில், மாணவியின் கையால். அஞ்சிய முடிவு ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அந்த ஆறு மாதத்தில் எவரும் அவனிடம் ஊரைப் பற்றிக் கேட்கவில்லை.

பேராலய முற்றத்துக் கஷ்கொட்டை மரங்கள் பூத்த நாளொன்றில் வேலை முடிந்தது. அம்மையார் வாசல்வரை வந்து, வழக்குக்கு வேண்டிய கடிதத்தைக் கொடுத்து, கைகுலுக்கினார். "அந்த ஒன்றைத் தவிர வேறெங்கும் பிழையில்லை, ஹேர் யோகராஜா. உங்கள் கணக்கு மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது."

அவன் நன்றி சொல்லிப் படியிறங்கினான். ஒருவரை நம்புகிறவர் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்கப்பட்டுத் தேறியவருக்குச் சான்று கிடைக்கிறது. சான்று பெற்றவனாய், வெயில் விழுந்த தெருவில், எந்த டிராமில் ஏறுவதென்று அறியாமல் யோகராஜா நெடுநேரம் நின்றான்.