வெள்ளைப் பசுவின் கண்

புணேயை ஒட்டிய போசரியில் பிள்ளையார் சிலை செய்யும் பட்டறைகளில் பவுனைத் தெரியாதவர்கள் கிடையாது. சிலைக்கு வண்ணம் பூச எத்தனையோ பேர் வருவார்கள். கண் எழுத அவள்தான் வரவேண்டும். அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சநஞ்சமல்ல. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகும் அவளைத் தலைநிமிர்ந்து நடக்க வைத்தது அந்த வலது கைதானே!

கண் எழுதும்போது சிலையின் எதிரே ஒரு ஈ காக்கையை நிற்க விடமாட்டாள். எழுதி முடித்ததும் சிலையின் தோளோரம் நின்றுகொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியை அதன் முன்னால் நீட்டுவாள். முதல் பார்வை மனிதர்மேல் விழக்கூடாது. திறந்த கண்ணை அழிக்கவும் கூடாது. அவள் தொழில் கற்ற இடத்தின் சட்டங்கள் இவை இரண்டும்.

பாணேர் பகுதி அடுக்குமாடியொன்றின் பன்னிரண்டாவது மாடியிலிருந்து சுஷ்மா அவளைக் கூப்பிட்டது சிலைக்காக அல்ல, பழைய ஓவியம் ஒன்றுக்காக. பழைய ராணுவக் குடியிருப்பான கேம்ப் பக்கம் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது சுஷ்மாவின் கணவர் வாங்கி வந்தது. விக்டோரியா ராணி காலத்து வெள்ளைக்காரர் ஒருவர் வரைந்ததாம். ஆயுள் முழுக்க மாடும் ஆடும் புல்வெளியும் தவிர வேறெதையும் தொடாத மனிதராம்.

பவுனுக்கு ஓவியத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. செம்மறியின் ரோமத்தில் ஈரம்கூடத் தெரிந்தது. தூரத்தில் வேலியோரம் மூன்று பேர் முதுகைக் காட்டி நின்றார்கள். கையில் மாடு மேய்க்கும் கோல். முன்னால் நின்ற வெள்ளைப் பசுவுக்கு மட்டும் கண் இல்லை.

"பிள்ளையாருக்கே கண்ணு எழுதறவங்க நீங்க. இதுக்கும் எழுதிடுங்களேன் பவுன்" என்றாள் சுஷ்மா.

பவுன் அந்த இடத்தை விரலால் தடவினாள். வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக விளிம்பு தட்டுப்பட்டது. "மூணு தடவ எழுதி மூணு தடவயும் சுரண்டியிருக்காங்க மேடம். கை சரியில்லாதவங்க போல."

"கண்ணாடியெல்லாம் வைப்பீங்களாமே? கொண்டு வரட்டுமா?"

"அது சாமிக்கு. மாட்டுக்கு எதுக்கு மேடம்?"

சிரித்துக்கொண்டே நேர் எதிரில் நின்று எழுதினாள். சுஷ்மா சமையலறைக்குப் போய்விட்டாள், மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாகக் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளி விழுந்த கணத்தில் பசு அவளைப் பார்த்தது. எத்தனையோ பிள்ளையார்கள் அவள் கையால் கண் திறந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அவளை இப்படி நேராகப் பார்த்ததில்லை. தூரிகைகளைக் கழுவாமலே பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் பட்டறையில் முதல் சிலைக்குக் கண் எழுதினாள். உடன் வேலை பார்க்கும் ஷபானா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னக்கா, கணபதி பப்பா மாடு மாதிரி முழிக்கிறாரு?"

இரண்டாவது சிலைக்கும் அதே கண். அகலமாக, ஈரமாக, இமைக்காமல். பழைய பேப்பரில் எழுதிப் பார்த்தாள். அங்கேயும் பசுதான் பார்த்தது. ஒன்பதாவது சிலை முடிந்தபோது ஷபானா சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒன்பதையும் சுவர்ப்பக்கம் திருப்பித் துணி போட்டு மூடினாள். சதுர்த்திக்குப் பத்து நாள்தான் இருந்தது. பவுன் தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை போனால் அவளிடம் வேறென்ன இருக்கிறது?

அடுத்த நாள் பதினோரு மணிக்கெல்லாம் பாணேரில் இருந்தாள். பசு அவளுக்காகவே காத்திருந்த மாதிரி பார்த்தது. அதைத் தவிர்த்துவிட்டு, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வேலியோரத்தைப் பார்த்தாள். ஒருவர் கோட்டு போட்டிருந்தார். ஒருவர் தலையில் புணே முண்டாசு. மூன்றாவது ஆள் சட்டையும் பேண்ட்டும் அணிந்த பெண். மாடு மேய்க்கும் கோல் என்று நினைத்தாளே, அது கோல் இல்லை. மூவர் கையிலும் இருந்தது தூரிகை.

மூன்று சுரண்டல், மூன்று பேர். மூன்றாவது ஆளின் பக்கத்தில் ஒருவர் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

பவுன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். கண்ணை அழிக்காமல் இப்படியே திரும்பிப் போய்விட்டால் அந்த இடத்துக்குப் போகாமல் தப்பிக்கலாம். ஆனால் இனி எந்தச் சாமிக்கும் கண் எழுத முடியாது. ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிற கையாகிவிடும் இந்தக் கை. அதைவிட என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள்.

"பிளேடு இருக்கா மேடம்?"

"ஐயோ, அவ்வளவு அழகா இருக்கே! எதுக்கு அழிக்கறீங்க?"

"சரியா வரல மேடம். என் கை சரியில்ல."

சுரண்டி முடிக்கும்வரை மூச்சு விடவில்லை. வேலிப் பக்கம் பார்க்காமலே வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள்.

அன்று மதியமே பட்டறையின் பெரிய சிலைமுன் தூரிகையை எடுத்தாள். பழைய கை திரும்பி வந்திருந்தது. முதல் கோட்டிலேயே தெரிந்துவிட்டது. கண்ணில் நீர் முட்ட முட்ட எழுதினாள். அத்தனை சாந்தமான கண்களை அவள் இதற்குமுன் எழுதியதே இல்லை.

"பப்பா சிரிக்கிறாருக்கா!" என்று கூவினாள் ஷபானா.

பவுனும் சிரித்தாள். வழக்கப்படி தோளோரம் நின்று கண்ணாடியை நீட்டினாள். கண்ணாடியில் பிள்ளையார் அழகாகத் தெரிந்தார். அவருக்குப் பக்கத்தில் அவள் முகம் தெரிந்திருக்க வேண்டும். அவள் கட்டியிருந்த அதே பச்சைச் சேலையில் ஒரு முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகின் வலது கையில் ஒரு தூரிகை இருந்தது.

பவுன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியில் இருந்தவள் திரும்பவில்லை.