நடையில் நின்ற ட்யூபா

மாசக் கடைசிக்குள் ட்யூபா வீட்டை விட்டுப் போயாக வேண்டும். பெர்னார்தா சொன்னால் சொன்னதுதான். அவள் புருஷன் எலியோதோரோ ஒரூரோ ஊர்த் திருவிழாவில் முப்பது வருஷம் தோளில் சுமந்து ஊதிய பித்தளை ராட்சசன் அது. மூச்சிரைப்பு வந்த பிறகு நடையை அடைத்துக்கொண்டு சும்மா நிற்கிறது.

"ஊதவும் மாட்ட, விக்கவும் மாட்ட. அதைத் தாண்டித் தாண்டியே என் முட்டி போச்சு, கிழவா!"

அது போனால் எலியோதோரோவுக்கு வீட்டில் இருக்கவே பிடிக்காது.

பெர்னார்தாவுக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. பின்னறையில் உட்கார்ந்து, வெளிநாட்டுப் பெண்களுக்கு வீடியோவில் பின்னல் வகுப்பு எடுக்கிறாள். வைஃபை பெட்டியோ முன்னறையில். நடுவில் முழ அகல மண்சுவர். "இப்ப ரெண்டு கண்ணியை..." என்று வாயைத் திறந்தபடியே திரையில் உறைந்துபோவாள். அந்தப் பக்கம் பதினோரு பேர் ஊசியும் கையுமாகக் காத்துக் கிடப்பார்கள். கேபிள் இழுத்துப் பார்த்தார்கள், நாய் கடித்துத் தின்றது. சுவரில் துளை போடலாமென்றால் கூரை சரிந்தால் யார் பொறுப்பு?

அப்போதுதான் எலியோதோரோவின் மூளை வேலை செய்தது. சிக்னலை வாங்கி அடுத்த அறைக்குத் தள்ளும் ரிப்பீட்டர் ஒன்று வாங்கினார். உள்ளங்கையளவுதான். ட்யூபாவின் வாய்க்குள் ஒளித்து, வயரைப் பின்பக்கமாகப் பிளக்கில் சொருகி, வாயைப் பின்னறை பார்க்கத் திருப்பி வைத்தார்.

"ஏ பெர்னார்தா! பித்தளை சிக்னலை இழுக்குது பாரு!"

அன்று வகுப்பு ஒரு தடவைகூட அறுபடவில்லை. தெருவுக்கே சேதி பரவியது. அடுத்த வீட்டு நியெவெஸ் ஓடி வந்தாள். "அடியே, நான் ட்ரம்பெட் மாட்டினேன், சிக்னல் ரெண்டு கோடுதான் வருது. பெரிசா வாங்கணுமோ?" இணையக் கம்பெனி ஆள் வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கருவி: ட்யூபா, ஒன்று" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் போனான்.

ஆனாலும் பெர்னார்தா முன்பே விலை பேசியிருந்த பேண்டு மாஸ்டர் செனோன், சொன்னபடி மாசக் கடைசியில் ட்யூபாவை வாங்க வந்துவிட்டார். பின்னறையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ட்யூபாவைக் குனிந்து பார்த்தவர், "இதென்னய்யா உள்ள டப்பா?" என்று வெளியே எடுத்தார்.

எலியோதோரோ கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், மானமும் போச்சு, ட்யூபாவும் போச்சு.

எழுந்து வந்த பெர்னார்தா டப்பாவைப் பார்த்தாள். "ஓ, அந்த வயர் இதோடதா? நீ இதைத் திருப்பி வச்ச அன்னைக்கு சாயந்திரமே பிடுங்கிட்டேனே. இஸ்திரிப் பெட்டிக்குப் பிளக் வேணாமா?"

அந்நேரம் பின்னறைத் திரையிலிருந்து யாரோ ஒருத்தி, "அடுத்த கண்ணி, டீச்சர்?" என்று கேட்டது கணீரென்று வந்தது.

செனோன் சந்தேகத்தோடு ட்யூபாவை வாசல் பக்கம் நகர்த்தினார். "டீச்..." என்று குரல் அறுந்தது. பழைய இடத்துக்குத் தள்ளினார். "...சர்?"

"கையை எடுய்யா அதுலேருந்து!" பெர்னார்தா போட்ட சத்தத்தில் செனோன் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தார்.

எலியோதோரோ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் விட்ட புளுகு நிஜமாகித் தன் முன்னாலேயே பளபளத்துக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகையும் வந்தது, பயமும் வந்தது.

"கிழவா, என்ன முழிக்கிற?" பின்னறையிலிருந்து பெர்னார்தா கத்தினாள். "கொஞ்சம் இடது பக்கமா திருப்பு. கனடாக்காரிக்குச் சரியாக் கேக்கலையாம்."