ஆடிப்பதினெட்டில் அழித்த பக்கங்கள்

சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை ஆடிப்பதினெட்டு அன்று பூஜை போட்டு வெளியிடுவார்கள். லட்சுமிகாந்தத்தின் அச்சகத்தில் அன்றே பழைய ஆல்பங்களை ஏஜெண்டுகளிடமிருந்து திரும்ப வாங்கிக் கிழித்துவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் எவராவது நின்றுபோன படத்துக்கு ஆர்டர் பிடித்துவந்து உயிரை வாங்குவார்.

2008இல் முதலாளியின் மகன் மணிகண்டராஜ் அந்த வழக்கத்தை இணையதளத்துக்கும் கொண்டுபோனான். பழைய படங்களின் பக்கங்கள் நூற்றுப்பத்தையும் ஒரே மூச்சில் அழித்தான். தளத்தைக் கவனித்துவந்த அப்சானா மறுநாள் வந்து பார்த்துப் பதறி, பழைய முகவரிகளைப் புதுப் பக்கங்களுக்காவது திருப்பிவிடலாம் என்றாள். “பழசை வச்சுக் கும்பிடவா?” என்று கேட்டுவிட்டு மணிகண்டராஜ் போய்விட்டான்.

மூன்றே வாரத்தில், கூகுளில் முதல் பக்கத்தில் இருந்த கம்பெனியைத் தேடினாலும் காணவில்லை. மலேசியாவிலிருந்து வரும் விசாரிப்புகள் நின்றன. பழி அப்சானா மேல் விழுந்தது. லட்சுமிகாந்தம் அவளைக் கூப்பிட்டு, இனித் தளத்தை மதுரையில் ஒரு கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ வேறு வேலை தேடிக்கொள் என்றார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

அப்சானாவுக்கு உச்சந்தலை கொதித்தது.

“ஆல்பத்தை ஏஜெண்ட்கிட்ட திரும்ப வாங்கிட்டீக, அண்ணாச்சி. கோலாலம்பூர் கடைக்காரரு நம்ம பக்கத்தோட முகவரியைத் தன் தளத்துல போட்டு வச்சிருக்காரே, அதை எப்படி வாங்குவீக?”

அப்படி ஊரார் கொடுக்கும் இணைப்புகளைத்தான் கூகுள் நற்சான்றாக எடுத்துக்கொள்கிறது என்று விளக்கினாள். முகவரி செத்தால் சான்றும் செத்துப்போகும். படம் நின்றால் நிற்கட்டும். பழைய முகவரிக்கு வருகிறவரிடம் ‘நிரந்தரமாக இங்கே மாறிவிட்டோம்’ என்று சர்வர் சொல்லிப் புதுப் பக்கத்துக்கு அனுப்பினால், சேர்த்த பேரும் கூடவே போய்ச் சேரும். பக்கத்துக்கு ஒரு வரி எழுதினால் முடிந்தது.

எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே அனுப்பிவிட்டால் ஒரே வரியில் முடியுமே என்றான் மணிகண்டராஜ்.

“மக்கா பள்ளிவாசல் படம் கேட்டு வந்தவரை வாசல்லயே நிறுத்தினா அவரு நிப்பாரா? படத்துக்குப் படம் திருப்பணும். புதுசுல ஜோடி இல்லாத படத்தை இல்லைன்னே சொல்லிரணும். இதைத்தான அண்ணே அன்னைக்கே சொன்னேன்? பழசை வச்சுக் கும்பிடவான்னு கேட்டீகள்ல?”

லட்சுமிகாந்தம் மகனைப் பார்த்தார். அவன் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். மதுரைக்காரர்கள் வேண்டாம், நீயே சரிசெய்துவிடு என்று அப்சானாவிடம் சொன்னார்.

“செய்றேன். கடவுச்சொல் எங்கிட்ட மட்டும் இருக்கணும்.”

தலையாட்டினார். அவள் இரண்டு நாள் உட்கார்ந்து பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஐப்பசியில் கம்பெனி முதல் பக்கத்துக்குத் திரும்பியது. மலேசியக்காரர்கள் அதற்குள் வேறு அச்சகத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள்.

நல்ல வேலை என்று லட்சுமிகாந்தம் பாராட்டினார். அப்சானா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.