வெல்கம் பேக் டு மை பேஜ்

மேனுகாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த உண்மை தெரிந்தது இரண்டு பேருக்குத்தான்: ஒன்று மேனுகா, மற்றது அவளுடைய கைத்தொலைபேசி.

வந்தாறுமூலை கம்பசில் புவியியல் படித்துப் பட்டம் வாங்கியவள். வாகரைக்கு அங்காலுள்ள சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாகப் போன முதல் நாளே அதிபர் சாமித்தம்பி, "டீச்சர், ஆறாம் தரத்துக்கு நாலு வருசமா இங்கிலீஷுக்கு ஆளில்ல. நீங்க கம்பசில படிச்ச ஆள்தானே, எடுங்களன்" என்றார். கம்பசுக்குப் போனால் இங்கிலீஷ் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவருடைய எண்ணம். புதிதாக வந்தவள் எந்த வாயால் மாட்டேன் என்பாள்? தலையை ஆட்டிவிட்டாள். ஆட்டிய தலைக்கு அன்றோடு நிம்மதி போயிற்று.

செங்கலடியில் ஏறுகிற காலை பஸ்தான் அவளுக்கு வகுப்பறை. மடியில் அட்டை கிழிந்த இலக்கணப் புத்தகம், காதில் றிஸ்னா மிஸ். பேஸ்புக்கில் காசு வாங்காமல் சும்மாவே ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர் அவர். பாடத்துக்கு நடுவே அவர் வீட்டுச் சேவல் கூவும், அவரும் சிரிப்பார். ஓட்டமாவடி தாண்டும்வரை புத்தகத்தில் விதி, அதற்குப் பிறகு மிஸ்ஸின் உச்சரிப்பு என்று மேனுகா பிரித்து வைத்திருந்தாள். பனிச்சங்கேணிப் பாலத்தடியில் சிக்னல் போய்விடும் என்பதால் வீடியோவை வீட்டிலேயே இறக்கிக்கொள்வாள். மிஸ் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, இழுக்கிற இடத்தில் இழுத்து, வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்தார்கள். பிள்ளைகளை விட ஒரு பாடம் முன்னால் ஓடினால் போதும் என்பதுதான் அவளுடைய ஜெபம்.

முதல் பாடத்தன்றே பிழை நடந்துவிட்டது. பயத்தில் வாயைத் திறந்தவளுக்கு, றிஸ்னா மிஸ்ஸைக் கேட்டு மனப்பாடமாக்கியது முழுவதும் வெளியே கொட்டியது. "ஹலோ மை டியர் பிரெண்ட்ஸ், வெல்கம் பேக் டு மை பேஜ்!" முடிக்கும்போது பெருவிரலை உயர்த்தி, "டோன்ட் ஃபொகெட் டு லைக் என்ட் ஷெயார்!" இருபத்துமூன்று பிள்ளைகளும் அதுதான் இங்கிலீஷ் பாடத்தின் முறை என்று எடுத்துக்கொண்டார்கள். திருத்தியிருக்கலாம். ஆனால் தமிழிலேயே வாய் திறக்காத பிள்ளைகள் அந்த ஒரு வரியைக் கூரை அதிரச் சொன்னார்கள். திருத்த அவளுக்கு மனம் வரவில்லை.

அப்படி ஏழெட்டு மாதம் ஓடியது. போன திங்கட்கிழமை அதிபர் சொன்னார், "நாளைக்கு வலயக் கல்விக் கந்தோரில இருந்து இங்கிலீஷ் ஆலோசகர் அழகரத்தினம் சேர் வாறாராம். உங்கட பாடத்தைத்தான் பாக்கப் போறார்."

மேனுகாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அவர் கண்டுபிடித்தால் வகுப்பைப் பறித்துவிடுவார். வெட்கம் ஒருபக்கம் கிடக்கட்டும். அந்த வகுப்பு இல்லாமல் தன்னால் இனி இருக்க முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"பிள்ளைகள், நாளைக்கு குட் மோர்னிங் சேர் மட்டுந்தான். வேற ஒண்டும் சொல்லப்படாது, விளங்கிச்சா?"

"ஓம் டீச்சர்!"

மறுநாள் அழகரத்தினம் வாசலில் நின்றார். வகுப்புத் தலைவி நிருஷா எழுந்தாள். கால்சட்டை போட்ட பெரிய மனிதரைக் கண்டதும் அவளுக்கு எல்லாம் மறந்துபோனது. நன்றாக வருவது எதுவோ அதுதான் வந்தது.

"ஹலோ மை டியர் பிரெண்ட்ஸ்..."

மீதியை இருபத்துமூன்று தொண்டைகளும் சேர்ந்து முடித்தன. மேனுகா கரும்பலகையைப் பிடித்துக்கொண்டாள். ஆலோசகரின் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவர் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து பாடம் முழுவதையும் பார்த்தார். பிள்ளைகளிடம் கேள்வி கேட்டார், பிள்ளைகள் பிழையும் சரியுமாகப் பதில் சொன்னார்கள், ஒருவரும் வாயைப் பொத்தவில்லை. போகும்போது இருபத்துமூன்று பெருவிரல்கள் உயர்ந்தன. அவர் அதிபரின் கந்தோருக்குப் போய், பாடம் பார்க்க வருகிறவர்கள் குறிப்பெழுதும் லொக் புத்தகத்தில் எழுதிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அதிபர் கூப்பிட்டனுப்பினார். "மனுசன் இங்கிலீஷில எழுதிப்போட்டுப் போயிட்டார். எனக்கு இது பிடிபடாது. வாசிச்சுச் சொல்லுங்க டீச்சர்."

மேனுகா வாசித்தாள். ஆசிரியை ஆர்வமுள்ளவர். பிள்ளைகள் அச்சமின்றிப் பேசுகிறார்கள். ஆனால் ஆசிரியையின் ஆங்கிலம் காணொளிகளைப் பார்த்து வந்தது; பயிற்றப்பட்ட ஆங்கில ஆசிரியர் ஒருவர் உடனடியாக நியமிக்கப்பட வேண்டும்.

என்ன சொன்னாலும் அதிபர் நம்புவார். நல்ல பாடம் என்று எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது: கைத்தொலைபேசி பைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு சொல்லுக்குக்கூட அவள் அகராதி தேடவில்லை.

"என்னவாம் டீச்சர், சொல்லுங்களன்?"

"எனக்குப் பதிலா இங்கிலீஷ் படிச்ச ஆளைப் போடச் சொல்லியிருக்கார் சேர்," என்றாள்.

சாமித்தம்பி பெருமூச்சு விட்டார். "நானும் நாலு வருசமாத் தமிழில எழுதிக் கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போனன். இந்தமுறை கொழும்புக்கு இங்கிலீஷில அனுப்பினாத்தான் சரி. நீங்களே ஒரு கடிதம் எழுதித் தாங்களன்."

அவளுக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. தனக்குப் பதில் ஆள் கேட்டுத் தானே எழுத வேண்டும். கடிதம் நன்றாக இருந்தால் புது ஆள் வந்துவிடுவார், அவளுடைய வகுப்பு போய்விடும். மோசமாக இருந்தால் இருக்கிற மானமும் போகும்.

அன்று பின்னேரம் பஸ்ஸில், மடியில் இலக்கணப் புத்தகத்தை வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதினாள். இருபத்துமூன்று பிள்ளைகள் என்று எழுதினாள். அவர்களுக்குக் கூச்சமில்லை, நன்றாகச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தால் எங்கேயோ போய்விடுவார்கள் என்று எழுதினாள். பனிச்சங்கேணி தாண்டியதும் திரும்ப வாசித்தபோது நடுவில் ஒரு பிழை தெரிந்தது. அப்படியே விட்டால் கொழும்பில் யாராவது சிரித்துவிட்டுக் கடிதத்தை ஓரமாக வைத்துவிடக்கூடும். வகுப்பு அவளோடேயே இருந்துவிடும்.

பஸ் குலுங்கிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்து, அந்தப் பிழையைத் திருத்தினாள்.