தடுப்புக்கு அந்தப் பக்கம்

விடிந்தும் விடியாத நேரத்தில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நீலக்கை சாயத்தை வடிகட்டிக்கொண்டிருந்தார். வடிதாளைக் கூம்பாக மடித்துப் புனலில் வைத்து, சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் தூளும் சேர்ந்து இறங்கிவிடும். பிறகு, ஸ்லைடு என்னும் கண்ணாடித் துண்டுகளில் காய்ந்திருக்கும் ரத்தத் தடங்களின் மேல் அதை ஊற்றி முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் சாயத்தின் மேல் பளபளவென்று ஓர் ஆடை படரும். தட்டைச் சாய்த்துக் கொட்டினால் தொலைந்தது, ஆடை அப்படியே ரத்தத்தின் மேல் உட்கார்ந்துவிடும். ஓர் ஓரமாகத் தண்ணீர் விட்டு, ஆடையை மிதக்கவிட்டுத் தள்ள வேண்டும். இருபத்திரண்டு வருஷம் தள்ளித் தள்ளி அவருடைய விரல்களில் நீலம் ஏறிவிட்டது. எந்தச் சோப்புக்கும் அசையாத நீலம்.

"இன்னிக்கு எத்தனை ஸ்லைடு அண்ணே?" என்று கேட்டபடி உள்ளே வந்தாள் இருநூறு.

"எண்பது."

"போன மாசம் வரைக்கும் நாப்பதுதானே?"

"முதலாளிக்கு நம்ம கண்ணு மேல அவ்வளவு நம்பிக்கை."

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது வேலையால். ரத்தத்தில் மலேரியாக் கிருமி எத்தனை என்று சொல்ல, இருநூறு வெள்ளணுக்களை எண்ணும்வரை கிருமிகளையும் கூடவே எண்ண வேண்டும். அலுத்துப்போய் நூறிலேயே நிறுத்தி இரண்டால் பெருக்கிவிடுகிறவர்கள் உண்டு. அவள் பதினோரு வருஷத்தில் ஒருநாளும் நிறுத்தியதில்லை. துணிச்சலால் அல்ல, பயத்தால். எங்கே தப்பாகிவிடுமோ என்ற பயம் அவளோடு கூடப் பிறந்தது.

ஒரு மருந்துக் கம்பெனிக்காகக் கல்குவாரிக் குடும்பங்களுக்குப் புதிய மலேரியா மாத்திரை ஒன்றைக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரை கொடுத்த நாளிலிருந்து இருபத்தெட்டாம் நாள் வரை, குறித்த நாள்களில் விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். ஒவ்வொரு ஸ்லைடையும் இரண்டு பேர் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியக் கூடாது. அதற்காக மேசையின் நடுவில் பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் இருநூறு, அந்தப் பக்கம் சொட்டு, ஸ்லைடின் மேல் விடும் எண்ணெயை ஒரு சொட்டுக்கு மேல் விடாததால் அந்தப் பெயர். இரண்டு பேரும் கிருமி என்று எழுதினால், மாத்திரை வேலை செய்யவில்லை என்று பதிவாகும். அந்த நோயாளிக்கு உடனே இரண்டாவது மருந்து போக வேண்டும். பேசிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அந்த அறையின் சட்டம். சாப்பாட்டு நேரத்தில்கூட அவர்கள் ஸ்லைடைப் பற்றிப் பேசியதில்லை.

எட்டு மணிக்கு முதலாளி வந்தார். கையில் ஒரு தாள்.

"இருபத்தெட்டாம் நாள் ஸ்லைடுகள்ல ஒம்போதுல கிருமின்னு எழுதியிருக்கே."

"இருந்துச்சு, எழுதினேன்."

"இருந்தது கிருமி இல்ல, சாய அழுக்கு. தப்பாப் பார்த்துட்டேன்னு இதுல கையெழுத்துப் போடு."

"அழுக்குக்கும் கிருமிக்கும் வித்தியாசம் தெரியாதாங்க எனக்கு?"

"தெரியாமத்தானே போன மழைக்கு மூணு ஸ்லைடைக் கெடுத்தே? நீயே எழுதிக் குடுத்த தாள் என் அலமாரியில பத்திரமா இருக்கு."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. அது உண்மை. நீலக்கை காய்ச்சலில் படுத்திருந்த வாரம் அவளே சாயம் ஏற்றினாள். அவசரத்தில் தட்டைச் சாய்த்துவிட்டாள். ஆடை ஒட்டிக்கொண்டது, அழுக்கைக் கிருமி என்று எண்ணி எழுதினாள். மறுநாள் அவளே கண்டுபிடித்து, அவளே எழுதிக் கொடுத்தாள்.

"அந்தப் பக்கத்து ஆள் நேத்தே போட்டுட்டான். நீ ஒருத்திதான் பாக்கி" என்றார் முதலாளி. "மத்தியானம் மருந்துக் கம்பெனிக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள கையெழுத்து வரணும். இல்லேன்னா நாளைக்கு நீ வரவேண்டாம்."

"அந்த ஒம்போது பேருக்கும் ரெண்டாவது மருந்து?"

"கிருமி இல்லாதவனுக்கு எதுக்கு மருந்து? உன் வேலை எண்ணுறது. கேள்வி கேக்குறது இல்ல."

தாளை மேசையில் அறைந்துவிட்டுப் போனார்.

சன்னலுக்கு வெளியே ஊசிக்காரி நின்றிருந்தாள். குவாரியில் வீடு வீடாகப் போய் விரல் குத்துகிறவள். "நாப்பத்தொண்ணாம் நம்பருக்கு நாலு நாளா குளிர்காய்ச்சல். ஆறு வயசுப் பிள்ள. இன்னிக்குக் கஞ்சிகூட இறங்கல. மருந்து எங்கேன்னு அவ அம்மா என் சேலையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குறா. நான் என்ன சொல்லட்டும்?"

இருநூறு சன்னலிலிருந்து திரும்பினாள். நீலக்கையிடம் ஸ்லைடுப் பெட்டியை வாங்கி, ஒன்பது ஸ்லைடுகளையும் மறுபடி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். கிருமி என்றால் சிவப்புப் புள்ளி இருக்கும், அதை ஒட்டி நீல வால் இருக்கும். மைக்ரோஸ்கோப்பின் திருகை மெல்லத் திருப்பினால் வெள்ளணுவோடு சேர்ந்தே தெளியும். அழுக்கு அப்படியல்ல. கருப்பாக, வேறொரு மட்டத்தில் மிதக்கும். ஒவ்வொன்றிலும் இருநூறு வரை எண்ணினாள். ஒன்றரை மணி நேரம். எட்டு ஸ்லைடில் துளிச் சந்தேகமில்லை, நாற்பத்தொன்றும் அந்த எட்டில் ஒன்று. ஒன்றில் இருந்தது. இரண்டே இரண்டு புள்ளிகள், வால் சரியாக இல்லை. போச்சு, ஒன்றில் தப்பினால் ஒன்பதிலும் தப்பியிருக்கலாமே? சொட்டு கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்றால் அவன் கண்ணுக்கு ஏதாவது பட்டிருக்குமோ?

பேனாவை எடுத்தாள். வைத்தாள். பிறகு, பதினோரு வருஷத்தில் செய்யாததைச் செய்தாள். தடுப்பைத் தட்டினாள்.

"தம்பி, நீ கையெழுத்துப் போட்டுட்டியாமே?"

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "யார் சொன்னது? நீங்க போட்டுட்டீங்கன்னுல்ல எங்கிட்ட சொன்னாரு! அக்காவே போட்டுட்டாங்கன்னா நம்ம கண்ணுதான் அவிஞ்சுபோச்சு போலன்னு நேத்து முழுக்கத் தலைய பிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"ஒம்போதும் கிருமியா உனக்கு?"

"எட்டு. ஒண்ணு மட்டும் சொல்ல முடியல."

"எந்த நம்பர்?"

"முப்பத்தாறு."

அவள் நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தது சட்டென்று இறங்கியது. அவளுக்குச் சந்தேகம் வந்ததும் அதே முப்பத்தாறுதான்.

நீலக்கை திருப்புளியோடு வந்தார். "என் சாயம் அழுக்குன்னு எங்கிட்டயும் ஒரு தாள் நீட்டினாரு. நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டீங்கன்னாரு. எனக்குச் சோறு இறங்கல. நகருங்க." நாலு திருகாணிகளைக் கழற்றித் தடுப்பைச் சுவரில் சாய்த்தார். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதினார்கள்: எட்டில் கிருமி நிச்சயம். ஒன்றில் சந்தேகம், மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். எட்டுப் பேருக்கும் இன்றே மருந்து தராதவரை அடுத்த ஸ்லைடைத் தொட மாட்டோம். ஊசிக்காரியும் உள்ளே வந்து கையெழுத்துப் போட்டு, ஊசிப் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

திரும்பி வந்த முதலாளி தாளைப் படித்தார். சிரித்தார். "ஆக, சந்தேகம்னு நீங்களே ஒத்துக்கிறீங்க!"

"ஒண்ணுல சந்தேகம்னு சொல்றவங்கதான் எட்டுல நிச்சயம்னு சொல்றோம்" என்றாள் இருநூறு. "போன மழைக்குச் செஞ்ச தப்பையும் நான்தான் சொன்னேன். நீங்க கண்டுபிடிக்கல."

"தடுப்பைக் கழட்டுனதுக்கே உங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பலாம், தெரியும்ல?"

"தடுப்பு நாங்க ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதாம இருக்க" என்றான் சொட்டு. "நீங்க ரெண்டு பக்கமும் ரெண்டு பொய் சொல்றதுக்கு இல்ல."

"நன்றி கெட்ட நாய்ங்களா! இருட்டுல உக்காந்து எண்ணுங்க!" வாசலில் இருந்த மின்பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மைக்ரோஸ்கோப் விளக்குகள் அணைந்தன.

நீலக்கை அலமாரியின் அடித்தட்டிலிருந்து தூசி படிந்த பழைய மைக்ரோஸ்கோப்பைத் தூக்கினார். விளக்குக்குப் பதில் அதன் அடியில் ஒரு வட்டக் கண்ணாடி. "இதுக்குக் கரண்ட்டு வேண்டாம். சூரியன் போதும். அதை எந்தப் பையில போடுவாருன்னு பார்ப்போம்."

முற்றத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்தார்கள். அதற்குள் ஊசிக்காரி சொல்லி அனுப்பியதில் குவாரி ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். தலைமுடியில் கல்தூசி, கையில் சம்மட்டிக் காய்ப்பு. நாற்பத்தொன்றின் அம்மா தோளில் பிள்ளை துவண்டு கிடந்தது.

இருநூறு வட்டக் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி, ஸ்லைடை வைத்தாள். "இது உங்க பிள்ளையோட ரத்தம். நீங்களே பாருங்க."

அந்த அம்மா பிள்ளையை ஊசிக்காரியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். "வெளிச்சம்தான்மா தெரியுது."

"கண்ண இறுக்காதீங்க. சிவப்பா ஒரு புள்ளி, அதுல ஒட்டி நீலமா ஒரு வால்."

அவள் அசையாமல் தேடினாள். பிறகு அவள் தோள்கள் அசைந்தன. "ஐயோ... ஒண்ணா ரெண்டா..."

"எண்ணுங்க."

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அவளுக்குப் பின்னால் ஒரு கல்லுடைப்பவர் வந்து நின்றார். "எனக்கும் காட்டுங்க. நானும் அந்த மாத்திரை தின்னவன்தான்." அவருக்குப் பின்னால் இன்னொருவர். சொட்டு எண்ணெய்ப் புட்டியோடு பக்கத்தில் நின்றான். வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

மருந்துக் கம்பெனியின் கார் வந்து, உள்ளே நுழைய வழியில்லாமல் நின்றது. ஹார்ன் அடித்தது. முதலாளி படியில் நின்று, "நகருங்கடா! வழி விடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஹார்ன் மறுபடி அடித்தது. ஒருவரும் அசையவில்லை.

மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்த அம்மா சொன்னாள்: "அவங்களை இருக்கச் சொல்லுங்க. நான் இன்னும் எண்ணி முடிக்கல."