கூறைத் துண்டுக்கு அடியில்

வரலட்சுமி அக்கா அந்தப் படத்தைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடி வந்து, அங்கே பஸ் மாறி, பூந்தமல்லி வரை யார் கையிலும் கொடுக்கவில்லையாம். சீட்டில் இருந்த ஒரு பெண் "நான் வெச்சிக்கவா?" என்று கேட்டதற்கும் தலையாட்டி மறுத்துவிட்டு நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னார்.

"வூட்டுக்கு வெள்ளையடிக்கும்போது ஆணிலருந்து விழுந்துடுச்சும்மா. கண்ணாடி போனா போவுது. சாமி தோள்ல கிழிஞ்சிருக்கா பாரு."

கடை முகமது ஆசிக்குடையது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், மெட்ரோ வேலையின் தூசி நாளெல்லாம் வந்து படியும் பிரேம் கடை. அம்பத்தூரில் காகிதப் பராமரிப்புக்கு ஒரு மாலை வகுப்பு நடக்கிறது. அதில் ஆசிக்கும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மாட்டிய படங்களில் பூசணம் பிடிக்கிறது என்று வாடிக்கையாளர்கள் திட்டுவதால் அவன் சேர்ந்தான். பழைய படங்கள் சேர்க்கும் பழக்கத்தால் நான் சேர்ந்தேன். பகலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சரக்கு சரிபார்க்கிறேன். கிழிசல் வேலை வந்தால் ஆசிக் என்னைக் கூப்பிடுவான். ஒவ்வொரு முறையும், என்னைவிடத் தெரிந்தவர்கள் வகுப்பில் இருக்கிறார்களே என்று சொல்வேன். அவன் கேட்பதில்லை.

ஆசிக் செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தை மேஜைமேல் வைத்தான். சாமி படம் என்றால் அவன் அப்படித்தான்.

தாமரைமேல் நிற்கும் லட்சுமி. இரண்டு பக்கமும் தும்பிக்கை தூக்கிய யானைகள். கல்லச்சுப் படம், அதாவது கல்லில் வரைந்து, நிறத்துக்கு ஒரு கல்லாக, ஒன்றன்மேல் ஒன்று அச்சிட்டது. முகமும் கைகளும் யானையும் தண்ணீரும் வெளிறி டீக்கறை நிறத்துக்கு வந்திருந்தன. கழுத்திலிருந்து பாதம் வரை மட்டும் நிஜத் துணி. கொசுவம் மடித்து, ஜரிகை ஓரம் வைத்து, படத்தோடு சேர்த்து ஊசியால் தைத்து, முந்தானையில் மணிகூடக் கோத்திருந்தது.

"எங்க மாமியார் வூட்டு வழக்கம்மா இது," என்றார் அக்கா. "மருமக வந்தா, மொத வரலட்சுமி நோன்புக்குத் தன் கூறைப்புடவைல ஒரு துண்டு வெட்டி சாமிக்குக் கட்டணும். பழசை எடுக்கக் கூடாது. அதுமேலயே கட்டணும். மேல இருக்கிற அரக்கு என்னுது. அதுக்குக் கீழ என் மாமியாரோடது. அதுக்கும் கீழ அவங்க மாமியாரோடது. இப்ப என் மருமக பவ்யா வந்திருக்கா. வர்ற வெள்ளிக்கிழமை நோன்பு. அவ துண்டு ஏறணும்."

"ஏறிடும்க்கா," என்றான் ஆசிக். என்னைக் கேட்காமலே.

நான் படத்தைத் திருப்பினேன். பின்பலகையைக் கழற்றினேன். காகிதத்தின் முதுகு முழுக்கத் தையல். மூன்று பேரின் கை தனித்தனியாகத் தெரிந்தது. ஒருவர் சின்னச் சின்னதாக நெருக்கிப் போட்டிருந்தார். ஒருவர் அவசரக்காரர். ஒருவர் நூல் தீர்ந்ததும் வேறு நிறத்தில் தொடர்ந்திருந்தார். தோளில் ஊசித் துளைகளின் வரிசையிலேயே, தபால் தலை கிழிவதுபோல, காகிதம் பிரிந்திருந்தது. மற்ற இடங்களிலும் துளைகள் அவ்வளவு நெருக்கம்.

"அக்கா, கிழிசலை ஒட்டிடலாம். ஆனா இதுல இனிமே ஒரு ஊசிகூட இறங்கக் கூடாது. இன்னொரு சுத்து தைச்சா சாமி ரெண்டாப் போயிடும்."

அக்கா என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ அந்தப் பொண்ணுக்கு நான் இன்னா சொல்றது? உன் முறை வரும்போது இடமில்லாமப் போச்சுன்னா?"

முதலில் கிழிசலைப் பார்ப்போம், அதற்குத் துணியை எல்லாம் எடுத்தாக வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

நான் இடுக்கியை எடுத்ததும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"இப்பிடி நடுக்கடைலயா? கோயில்ல அலங்காரத்துக்குத் திரை போடுவாங்க இல்ல? புடவையை அவுக்கப் போற. போறவன் வர்றவன் எல்லாம் பாக்கறதா?" பிறகு ஆசிக்கைப் பார்த்தார். "தம்பி, நீயும் கொஞ்சம் வெளிய இருப்பா. தப்பா நினைக்காத."

"இதுல இன்னாக்கா கீது," என்று அவன் வெளியே போய் ஷட்டரை முழங்கால் அளவுக்கு இறக்கினான். அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. நான் டியூப் லைட்டைப் போட்டேன்.

பின்பக்கத்திலிருந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். அவசரப்படக் கூடாது, நூலை இழுக்கும்போது துளைக்கு நேராக இழுக்க வேண்டும். அக்கா மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அரக்குப் பட்டு முதலில் வந்தது. அக்கா அதை வாங்கித் தன் புடவையின்மேல் வைத்து நீவினார். அடுத்து மயில் கழுத்து நிறத்தில் மாமியாருடையது, மடிப்புகளில் நைந்து.

வெளியே ஒரு குரல் ஏதோ கேட்டது. ஆசிக் ஷட்டருக்குக் கீழே குனிந்து சொன்னான்: "அக்கா, வெல்டிங் கடை மாமா கேக்குறாரு, உள்ள இன்னா நடக்குது, நான் ஏன் சொந்தக் கடைக்கு வெளிய நின்னுகினு கீறேன்னு."

"சாமி துணி மாத்துதுன்னு சொல்லு!"

"சொன்னேன். அவரும் போயிக் குளிச்சிட்டு வரவான்னு கேக்குறாரு."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம், "நீ வேலையப் பாரும்மா," என்றார்.

மூன்றாவது துணி மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டு. நிஜ ஜரிகை, கறுத்திருந்தது. அதன் கடைசி நூலை உருவிவிட்டு, தட்டையான கத்தியை ஓரத்தில் நுழைத்து மெல்லத் தூக்கினேன்.

அந்த இடத்தில் நான் எதிர்பார்த்தது வெளிறிய காகிதம். முகம் இருப்பதுபோலவே உடம்பும் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அடியில் சிவப்பு. வெற்றிலை போட்ட நாக்கின் சிவப்பு. அச்சிலேயே லட்சுமி ஒரு புடவை கட்டியிருந்தாள். மடிப்பின் பள்ளங்களில் ஊதா, மேடுகளில் ரோஜா, கரையில் கிளிப்பச்சை. அந்தப் பச்சை ஈரமாக இருப்பதுபோல் விரலை இழுத்துக்கொண்டேன். வீட்டுச் சுவரில் எத்தனை கோடை, எத்தனை சன்னல் வெயில்! எதுவும் இந்த இடத்தைத் தொட்டிருக்கவில்லை. மாம்பழப் பட்டைத் தைத்த பெண்ணுக்குப் பிறகு இதைப் பார்ப்பது நாங்கள்தான்.

கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் பூதக்கண்ணாடி லென்ஸை எடுத்தேன். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு குனிந்தேன். லென்ஸுக்குள் புடவை இல்லை, மடிப்பு இல்லை. புள்ளிகள் மட்டும். நீலப் புள்ளிகளுக்கு நடுவில் சிவப்புப் புள்ளி, அதன் ஓரத்தில் மஞ்சள். இயந்திரம் போட்ட வரிசை அல்ல. பெயர் தெரியாத ஒருவர் கல்லின்மேல் குனிந்து, எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றி, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகக் கையால் வைத்த புள்ளிகள். வகுப்பில் இதைப் பாடமாகக் கேட்டுக் குறிப்பும் எடுத்திருக்கிறேன். குறிப்பில் இது இல்லை.

"அக்கா," என்றேன்.

அக்கா எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிறகு, "இவ ஏற்கெனவே கட்டிக்கினுதானே கீறா!" என்றார். "நான் அந்தப் புள்ளைய வெளிய நிக்க வெச்சிட்டேனே. தம்பி, வாப்பா, வா உள்ள."

ஷட்டர் ஏறியது. ஆசிக் வந்தான், ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்து, படத்தைப் பார்த்து நின்றுவிட்டான். ஆயிரம் சாமி படங்களுக்குச் சட்டம் போட்டவன். சட்டைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஆனால் தொடாமல், "யம்மா," என்றான்.

பிறகுதான் அவனுக்கு என் ஞாபகம் வந்தது. "நிவே, உன் கட்டுரை?"

எனக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பழைய தீபாவளி மலர்ப் பக்கங்கள், வார இதழ் அட்டைகள், கல்லச்சுச் சாமிகள் என்று சேர்த்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் உறையிலும் நிறங்களை ஒழுங்காக எழுதுவேன்: மங்கிய ரோஜா, சாம்பல் பச்சை, மோர் வெள்ளை. போன மாதம் 'அந்தக் கால ஓவியர்களின் அடக்கமான வண்ணம்' என்று வகுப்பில் கட்டுரை வாசித்தேன். இன்றைய அச்சுக்காரர்களுக்கு அந்த நிதானம் இல்லை என்றுகூடச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

"அடக்கமாம், அடக்கம்," என்றான் ஆசிக். "அந்த ஆளு பட்டாசு கொளுத்திக் கீறாரு. நீ புகையப் பாத்துக் கைதட்டிக் கீறே."

வெயில் தின்று மிச்சம் வைத்ததை ஓவியரின் குணம் என்று நம்பியிருக்கிறேன். வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சிவப்புக்கு முன்னால் வெட்கப்படக்கூட நேரமில்லை. போனில் படம் எடுத்துப் பார்த்தேன். நேற்று அச்சான மளிகைக்கடைக் காலண்டர் மாதிரி இருந்தது. அழித்துவிட்டுத் திரும்ப எடுத்தேன். அதுவும் அப்படியே.

கிழிசலுக்குப் பின்பக்கம் மெல்லிய ஜப்பான் காகிதத்தைக் கோதுமைப் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தபோது பவ்யா வந்தாள். நாமக்கல்காரப் பெண், ஆபீஸ் முடிந்து கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக வந்திருந்தாள். கையில் ஒரு சின்னத் துணிப்பை.

"புடவையில கத்திரி வெக்க மனசு வரலைங்க அத்தை," என்று வரும்போதே சொன்னாள். "எங்கம்மா மூணு கடை ஏறி எடுத்ததுங்க. அதான், அதோட வந்த ரவிக்கைத் துணியில மிச்சம் இருந்தது—" அதற்குள் மேஜையைப் பார்த்தாள். "இது நம்ம வீட்டுச் சாமிங்களா?"

"நம்ம வூட்டுதுதான்," என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது. என் பக்கம் திரும்பினார். "மூட வேணாம்மா. இப்பிடியே கண்ணாடி போட்டுடு. இவ்ளோ அழகை வெச்சிக்கினு ஒண்ணுமேல ஒண்ணாக் கட்டி மூடியிருக்கோமே. இனிமே யாரும் கட்ட வேணாம். ஊசியும் இறங்கக் கூடாதுன்னு நீயே சொல்லிட்ட."

நான் தலையாட்டினால் போதும். நாளைக்கே வகுப்புக்குக் காட்டலாம். எப்போது வேண்டுமானாலும் முத்தாபுதுப்பேட்டைக்குப் போய்ப் பார்க்கலாம். நான் சேர்த்த எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது. இது திறந்திருக்க வேண்டும் என்று அங்கே இருந்தவர்களில் அதிகம் ஆசைப்பட்டவள் நான். அதனாலேயே வாயைத் திறக்கத் தயங்கினேன். நான் சொல்லப்போவது சரிதானா, வகுப்பில் கேட்டதை ஒப்பிக்கிறேனா என்றும் தெரியவில்லை.

"முகத்தைப் பாருங்க அக்கா."

"முகத்துக்கு இன்னா?"

"முகமும் ஒருநாள் இதே மாதிரி இருந்ததுதான். யானையும், தண்ணியும். மூடாம விட்டதெல்லாம் வெளிச்சத்துல போயிடுச்சு. திறந்து வெச்சா இந்தச் சிவப்பும் அப்படித்தான் போகும். உங்க பேரப் பிள்ளைங்க பார்க்கும்போது டீக்கறைதான் இருக்கும். உங்க வீட்டு மருமகளுங்க கட்டினதுதான் இதைக் காப்பாத்தியிருக்கு."

அக்கா மடியிலிருந்த அரக்குத் துண்டைப் பார்த்தார். அதைத் தைத்தபோது அவருக்கு இப்போதைய பவ்யாவின் வயதுகூட இருந்திருக்காது.

"நோன்பு அன்னிக்கு ஒரு நாளாவது திறந்து வெக்கலாமா?"

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வேணாம். தெருவே வரும். ஆளாளுக்கு ஃபிளாஷ் போட்டு எடுப்பாங்க."

"ஆனா எப்படிங்க கட்டறது? தைக்கக் கூடாதுன்றீங்களே," என்றாள் பவ்யா. துணிப்பையைத் திறந்துகொண்டே மூன்று பழைய துண்டுகளையும் பார்த்தாள். "ரவிக்கைக்கு லைனிங் குடுக்கிற மாதிரி குடுத்தா என்னங்க? மெல்லிசான மல்லுத் துணியை சாமி அளவுக்கு வெட்டிக்கலாம். எல்லாத்தையும் அந்த லைனிங்மேல தைச்சிட்டு, அப்படியே எடுத்து படத்துமேல வெச்சா? காகிதத்துல ஊசி படாதுங்களே."

நான் ஆசிக்கைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே அளவு நாடாவை எடுத்திருந்தான். "கண்ணாடிக்குள்ள ஓரத்துல அட்டை வெச்சு ஏந்திக்கலாம். நகராது," என்றான். "இத ஏன் நிவே உனக்குத் தோணல?"

"எனக்கு ரவிக்கை தைக்கத் தெரியாது."

மல்லுத் துணி வாங்க ஆசிக் எதிர்க்கடைக்கு ஓடினான். அக்காவும் பவ்யாவும் ஒரே ஸ்டூலின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து தைத்தார்கள். முதலில் மாம்பழ மஞ்சள், அதன்மேல் மயில் கழுத்து, அதன்மேல் அரக்கு. கடைசியில் பவ்யாவின் துண்டு, வாடாமல்லி நிறம். மணிகளைப் பழைய இடத்திலேயே கோத்தார்கள்.

"உன் மருமக வரும்போது நீ தூக்கிக் காட்டு," என்றார் அக்கா நூலைப் பல்லால் கடித்து.

"இப்பத்தான் கல்யாணமே ஆயிருக்குதுங்க. அதுக்குள்ள மருமகளா?"

"வருவா, வருவா. அதுவரைக்கும் யாருக்கும் கிடையாது."

துணி தயாரானது. பவ்யா அதை இரண்டு கையிலும் ஏந்திப் படத்துக்குமேல் கொண்டுவந்தாள். வைக்கவில்லை. அக்காவும் வை என்று சொல்லவில்லை. சன்னமான குரலில், "இந்த லைட்டும் திங்குமாம்மா?" என்று மட்டும் என்னைக் கேட்டார்.

"கொஞ்சம் திங்கும்."

ஆசிக் போய் டியூப் லைட்டை அணைத்தான். சந்தில் இருந்து வந்த வெளிச்சத்தில் யானைகள் மறைந்தன, முகம் மறைந்தது. அந்தச் சிவப்பு மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது. நாங்கள் நால்வரும் மேஜையைச் சுற்றி நின்றோம். பவ்யாவின் கைகள் வலித்திருக்கும். யாரும் அவசரப்படுத்தவில்லை.