அரண்மனைக்குக் கீழே முப்பத்துநாலு பேர்

இளவரசன் தலையில் கிரீடம் இறங்க இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துச் சிம்மாசனத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கழுதை வந்தது.

அது வந்திருக்கவே கூடாது. அந்தக் கழுதையின் கதையை வெட்டி நாலு மாதமாயிற்று. கழுதைக்குப் பின்னால் மூஞ்சி வரைந்து முடிக்காத குயவர் வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு தலை வியாபாரி. அவருக்கு ஒரு தலைக்குத்தான் வாய் வைத்திருந்தார்கள். அப்புறம் ஒரு கூட்டமே, ஆளுக்கொரு தட்டுடன், கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிற மாதிரி ராஜசபைக்குள் நுழைந்தது.

பெரிய திரையில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இந்தக் கம்ப்யூட்டர் கேமை வெளியிடப்போகும் கம்பெனியிலிருந்து வந்த ஆறு பேர். "இப்போ பாருங்க, சபையே அப்படியே உறைஞ்சுபோய்…" என்று விளக்கிக்கொண்டிருந்த முதலாளிதான் உறைந்து நின்றார். கடைசி வரிசையில் இருந்த கதைக்காரர் நாற்காலியில் சரிந்து சரிந்து, மேஜைக்குக் கீழே போக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. செய்த வேலை அவருடையது.

அந்த கேமில் வீரன் ராஜ்யம் முழுக்கச் சுற்றுவான். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் அவனுக்கு ஏதாவது வேலை வைப்பார்கள். அந்தக் கிளைக்கதைகளை எழுதுவதுதான் கதைக்காரரின் பிழைப்பு. எழுதியதில் பாதியை முதலாளி வெட்டுவார். வெட்டிய கதையின் ஆட்களை அழிக்கும் பொறுப்பும் எழுதியவர் தலையில்தான். அழிக்கும் பொத்தானை அழுத்தினால், 'நிச்சயமாகவா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும். அந்தக் கேள்வியைத் தாங்குகிற நெஞ்சு கதைக்காரருக்கு இல்லை. கல்யாணமானபோது ஐயர் கேட்டிருந்தால்கூட ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்.

ஆகவே யாருக்கும் சொல்லாமல் அரண்மனைக்கு அடியில் ஓர் அறை கட்டினார். வெட்டுப்பட்டவர்களை எல்லாம் அதில் கொண்டுபோய் வைத்துப் பூட்டினார். மொத்தம் முப்பத்துநாலு பேர்.

ஒன்றை மறந்துவிட்டார். ராஜ்யத்தில் உச்சிவேளைக்கு மணி அடிக்கும். அடித்ததும் எல்லாக் கதவும் திறந்துகொள்ளும், எல்லோரும் குறுக்குவழியில் சாப்பிடப் போவார்கள். அடியறைக்காரர்களுக்குக் குறுக்குவழி ராஜசபைதான். 'ஊருன்னா உயிரோட இருக்கணும்' என்று முதல் வாரமே அத்தனை பேருக்கும் பசி வைத்தது சாட்சாத் கதைக்காரரே. இத்தனை நாள் திரையில் காட்டியபோதெல்லாம் ராஜ்யத்தில் காலைப்பொழுது தாண்டியதில்லை. இன்றைக்கு முதலாளி பேசிய பேச்சில் உச்சிவேளை வந்துவிட்டது.

திரையில் கடைசியாக ஓர் அரக்கன் வந்தான். கதவு கொள்ளவில்லை. சுவருக்குள்ளேயே புகுந்து வந்து, காலியாக இருந்த ஒரே இடத்தில் உட்கார்ந்தான். அது இளவரசனின் மடி. அரக்கனுக்கு அடியிலிருந்து, "என் குடிகளை இனி நானே தாங்குவேன்" என்று இளவரசன் கணீரென்று உறுதிமொழி எடுத்தான்.

ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மடியில உட்கார்ந்திருக்கிற அந்தப் பெரியவர் யாருங்க?"

"அவரா…" முதலாளி தொண்டையைச் செருமினார். "அவர் இப்போ இல்லைங்க."

வந்தவர்கள் போனதும் முதலாளி கதைக்காரரைத் தனியே கூப்பிட்டார்.

"ஏன்யா, இது கேமா, சத்திரமா?"

"சார், அவங்க ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்னுதான்…"

"சாயங்காலத்துக்குள்ள முப்பத்துநாலு பேரும் காலி. நீ அழிக்கணும், நம்ம சல்லடைப் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும். உன்னை நம்பமாட்டேன்."

"சரிங்க சார். ஒரே ஒரு கேள்வி. அந்த அரக்கன் கதையை ஏன் வெட்டினீங்க?"

"அது… அடுத்த பாகத்துக்குன்னு வெச்சுக்கலாமே," என்று சொல்லி முதலாளி போனை எடுத்துக்கொண்டு நழுவினார்.

போன மாதம் கேட்டபோது 'மெமரி பத்தலை' என்றார். அதற்கு முன்னால் 'டைம் இல்லை'. கதைக்காரர் எட்டு மாதம் எழுதிய கதை அது. தூக்கமே வராத ஓர் அரக்கன். அவனுக்கு ஏழு மலையிலிருந்து ஏழு தலையணை கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கதை நன்றாக இருந்தும் வெட்டினார்களா, நன்றாக இல்லாததால் வெட்டினார்களா? இது தெரியாமல் அவருக்கு அடுத்த கதையில் ஒரு வரி ஓடவில்லை. வீட்டில் மனைவிக்கு முழுசாகப் படித்துக் காட்டினார். "கண்ணை மூடிக்கிட்டு ரசிச்சேங்க" என்றாள். ரசனையில் லேசாகக் குறட்டையும் கலந்திருந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சல்லடை என்பது ஆபீசில் கேமை விளையாடிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிக்கும் பெண்ணுக்கு வைத்த பெயர். அவளிடமிருந்து ஒரு தூசு தப்பாது. வயதில் பத்து வருஷம் சின்னவள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆரம்பிக்கலாமாண்ணே? முதல்ல கழுதை."

"வாயில்லா ஜீவன்மா அது."

"அதுக்குத்தான் எட்டுப் பக்கம் வசனம் எழுதி வெச்சிருக்கீங்க. அழுத்துங்க."

அழுத்தினார். குயவர் போனார். வியாபாரி வந்தபோது, "ரெண்டு தலைக்கும் தனித்தனியா அழுத்தணுமா?" என்று கேட்டுப் பார்த்தார். "நேரம் கடத்தாதீங்கண்ணே," என்றாள். கதைக்காரர் ஒவ்வொருவருக்கும் வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டு அழுத்தினார். முப்பத்துமூன்று பேர் முடிய இரண்டு டீ ஆனது.

திரையில் அரக்கன் மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதைக்காரர் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இவனை ஏம்மா வெட்டினாங்க?"

"டைம் இல்லைன்னு…"

"அது பழைய பொய். இப்போ புதுசு வந்தாச்சு. நீதான் இதைப் பதினோரு தடவை விளையாடினவ. உனக்குத் தெரியாம இருக்காது."

"நல்லாத்தான் இருந்துச்சுண்ணே."

"என் மாமியார் என்னைப் பத்தி ஊர்ல இப்படித்தான் சொல்லிட்டிருக்காங்க. உண்மையைச் சொல்லு தாயே. நான் அழமாட்டேன். அழுதாலும் சத்தம் வராது."

அவள் சிரிக்கவில்லை. டீ தம்ளரைத் தள்ளி வைத்தாள். நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பினாள்.

"வெட்டச் சொன்னதே நான்தாண்ணே."

கதைக்காரர் நாற்காலியோடு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அவள் விடவில்லை.

"முதலாளி உங்க மனசு நோகும்னு நாளுக்கொரு சாக்கு சொல்லிட்டிருக்கார். விஷயம் இதுதான். கதை போரடிக்குது. மூணாவது மலைக்கே எனக்கு வெறுத்துப்போச்சு. ஒவ்வொரு தலையணைக்கும் இவன் கால் மணி நேரம் தத்துவம் பேசறான். ஆபீஸ்ல விளையாடிப் பார்த்த மத்த ஆறு பேரும் நாலாவது மலையைத் தாண்டலை. ஏழாவது தலையணை குடுத்த பிறகுதான் சொல்றான், 'தூக்கத்துல நான் புரண்டு படுத்தா, கால்மாட்டுல இருக்கிற ஊர் நசுங்கிடும், அதான் தூங்கலை'ன்னு. அந்த இடத்துல நான் அழுதேண்ணே. பதினோரு தடவையும் அழுதேன். வேற யாரும் அழலை. ஏன்னா வேற யாரும் அங்க வந்து சேரலை. அந்த ஒரு வரியை முதல் மலைக்கு முன்னாடி வெச்சு, மீதி ஆறு மலையை நீங்களே வெட்டியிருந்தா, இவன்மேல கைவைக்க வர்றவங்க யாரா இருந்தாலும் நான் முன்னாடி நின்னு சண்டை போட்டிருப்பேன்."

கதைக்காரர் அரக்கனையும் அழுத்தி அனுப்பிவிட்டு, புதுப் பக்கத்தின் முதல் வரியாக அந்த ஒரு வரியை அடித்தார்.